ஒரு பவுண்டு தானியமும் புரதத்தின் கதையும்

ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் பள்ளிபாளையம். ஊருக்குள் நுழைந்தவுடன் விசைத்தறிகளின் ஓசை நம்மை வரவேற்கிறது. ஆனால் இவ்வூரின் பெயரைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டு சேர்த்தது துணி மட்டுமன்று, ஒரு கோழிக்கறியும்தான். சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு ஆகியவற்றோடு வதக்கி எடுக்கும் 'பள்ளிபாளையம் சிக்கன்' இன்று எத்தனையோ ஊர்களின் உணவு விடுதிகளில் கிடைக்கிறது. இதே மாவட்டத்தின் தலைநகரான நாமக்கல்லோ முட்டைக்குப் பெயர் போனது.

'உடம்பில் வலு ஏற வேண்டுமானால் கறியும் முட்டையும் சாப்பிடு' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நம் பழமொழி வேறு வழி காட்டுகிறது. களியும் கம்மஞ்சோறும் உண்டே நாள் முழுவதும் ஏர் உழுதவர்களைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இவற்றுள் எது சரி? வலிமை எந்த உணவிலிருந்து வருகிறது?

இது அடுக்களையில் மட்டும் பேசப்பட்ட கேள்வி அன்று. கடந்த 180 ஆண்டுகளாக விஞ்ஞானிகள் இதைப்பற்றி வாதாடி வந்திருக்கிறார்கள். அந்த வாதத்தின் முடிவைப் பொறுத்துச் சிறைக் கைதிக்கும், போர் வீரனுக்கும், பஞ்சக் கூலிக்கும் எவ்வளவு சோறு என்பது முடிவாயிற்று. அந்த வாதத்தின் ஒரு முக்கியமான கட்டம் நமது சேலம் மாவட்ட மண்ணையும் தொட்டுச் சென்றது. அந்தக் கதையைத்தான் இங்கே காணப்போகிறோம்.

முதலிடம் பெற்ற பொருள்

1838ஆம் ஆண்டு. ஹாலந்து நாட்டு வேதியியல் அறிஞர் முல்டர், முட்டையின் வெண்கரு, இரத்தம், கோதுமை ஆகியவற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் அடங்கிய பொருள்கள் ஏறத்தாழ ஒரே வகைப்பட்டவை என்று கண்டார். அப்பொருளுக்குப் 'புரோட்டீன்' என்று பெயரிடலாம் என யோசனை கூறியவர் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ். 'முதலிடம் பெற்றது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. நாம் அதைப் புரதம் என்கிறோம்.

பெயரிலேயே முதலிடம் பெற்றுவிட்ட புரதத்தை, அதற்கும் மேலே தூக்கி வைத்தவர் ஜெர்மன் நாட்டு அறிஞர் லீபிக். உணவை அவர் இரண்டாகப் பிரித்தார். மாவுச்சத்தும் கொழுப்பும் உடலுக்குச் சூடு தருபவை. புரதம் தசையை ஆக்குவது. இதுவரை சரியே. ஆனால் அவர் 1842இல் வெளியிட்ட நூலில் இன்னொரு படி மேலே சென்றார். தசை வேலை செய்யும்போது தன்னையே எரித்துக்கொள்கிறது என்றும், ஆகவே உழைப்புக்கு எரிபொருள் புரதமே என்றும் அவர் கூறினார்.

பள்ளிபாளையத்து மொழியில் சொல்வதானால், லீபிக்கின் கருத்து இப்படி இருந்தது: விசைத்தறி ஓடுவது மின்சாரத்தால் அன்று, தன் மரத்தையும் இரும்பையும் தானே எரித்துக்கொண்டு அது ஓடுகிறது! இக்கருத்து உண்மையானால், அதிகம் உழைப்பவனுக்கு அதிகப் புரதம் வேண்டும். இறைச்சி உண்பவனே பலசாலி. சோறும் களியும் உண்பவன் பலவீனன். லீபிக்கின் பெரும்புகழ் காரணமாக இக்கருத்து உலகெங்கும் பரவியது.

மலை ஏறிய இருவர்

லீபிக் சொன்னதைச் சோதித்துப் பார்க்கச் சுவிட்சர்லாந்தில் இருவர் முன்வந்தனர். ஃபிக் என்னும் உடலியல் அறிஞரும், விஸ்லிசீனஸ் என்னும் வேதியியல் அறிஞரும் 1865ஆம் ஆண்டு ஃபால்ஹார்ன் என்னும் மலையில் ஏறினார்கள். அடிவாரத்து ஏரியிலிருந்து உச்சி வரை அவர்கள் ஏறிய உயரம் 1,956 மீட்டர். முந்திய நாள் நண்பகலிலிருந்தே அவர்கள் புரதம் அடங்கிய உணவைத் தொடவில்லை. மாவுச்சத்து, கொழுப்பு, சர்க்கரை ஆகியவை மட்டுமே அவர்கள் உணவு.

உடலில் புரதம் சிதைந்தால் அதிலுள்ள நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் வெளியேறும். ஆகவே சிறுநீரைச் சேகரித்து அதிலுள்ள நைட்ரஜனை அளந்தால், உடலில் எவ்வளவு புரதம் எரிந்தது என்று கணக்கிடலாம். அவ்வாறு கணக்கிட்டபோது ஒவ்வொருவர் உடலிலும் ஏறத்தாழ 37 கிராம் புரதமே எரிந்திருந்தது. அவ்வளவு புரதம் தரக்கூடிய ஆற்றல், தம் உடலை மலை உச்சிக்குத் தூக்கிச் செல்லத் தேவைப்பட்ட ஆற்றலில் பாதி அளவே இருந்தது! மீதி ஆற்றல் எங்கிருந்து வந்தது? மாவிலிருந்தும் கொழுப்பிலிருந்தும்தான் வந்திருக்க வேண்டும்.

ஆக, தறிக்கு மின்சாரம் வேறு, தறியின் பாகங்கள் வேறு என்பது தெளிவாயிற்று. மாவுச்சத்தும் கொழுப்பும் மின்சாரம் போன்றவை. புரதம், தேய்ந்த பாகங்களை மாற்றப் பயன்படும் உதிரிப் பாகம் போன்றது. உதிரிப் பாகம் இல்லாமல் தறி நெடுநாள் ஓடாது. ஆனால் உதிரிப் பாகத்தைக் குவித்து வைத்துவிட்டால் மட்டும் தறி வேகமாக ஓடிவிடாது.

ஒரு கொள்கை பிழை என்று மெய்ப்பித்த உடனேயே அது உலகை விட்டு மறைந்துவிடுவதில்லை. மருத்துவர்களும் அரசு அதிகாரிகளும் நைட்ரஜனை அளவுகோலாகக் கொண்டே உணவை மதிப்பிட்டு வந்தனர். அதற்கு நடைமுறைப் பயனும் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று, இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைத் தொழிலாளர்கள் பட்டினியில் வாடியபோது, எட்வர்டு ஸ்மித் என்னும் மருத்துவர் 1862இல் அவர்களுடைய உணவை ஆராய்ந்தார். பட்டினி நோய் வராமல் காக்க ஓர் ஆணுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 200 கிரெயின் எடை — அதாவது ஏறத்தாழ 13 கிராம் — நைட்ரஜன் உணவில் வேண்டும் என்றார். புரதத்தின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். எனவே இது சுமார் 80 கிராம் புரதத்துக்குச் சமம். ஏழைகளின் உணவை எண்ணால் அளந்து அரசின் முன் வைக்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. அவ்வழக்கம் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் சென்னை மாகாணத்தில் ஒரு பெரும் வழக்கையே உண்டாக்கியது.

தாது வருடப் பஞ்சம்

1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது ஆண்டு. ஆகவே 1876 முதல் 1878 வரை நீடித்த அக்கொடுமையைத் 'தாது வருடப் பஞ்சம்' என்று நம் முன்னோர் அழைத்தனர். அன்றைய சேலம் மாவட்டம் மிகப் பெரியது. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களோடு திருப்பத்தூர் பகுதியும் அதனுள் அடங்கியிருந்தது. திருச்செங்கோடு வட்டத்தைச் சேர்ந்த பள்ளிபாளையமும் அதன் மேற்கு எல்லையில், காவிரிக் கரையில் இருந்தது. பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களுள் சேலமும் ஒன்று.

பட்டினியால் வாடியவர்களுக்கு அரசு நிவாரண வேலைகளைத் தொடங்கியது. சாலை போடுதல், மண் வெட்டுதல், கல் உடைத்தல் போன்றவை அவ்வேலைகள். ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பவுண்டு தானியம் வாங்கத் தக்க அளவில் சென்னை அரசு கூலியைக் கணக்கிட்டு வந்தது.

1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் பிரபுவின் தூதராகச் சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1874இல் பீகார் பஞ்சத்தின்போது தாராளமாகச் செலவிட்டு மக்களைக் காத்தவர் இவர். அதற்காக 'ஊதாரி' என்று கடுமையாகக் கண்டிக்கப்பட்டவரும் இவரே. இம்முறை அவருக்கு இடப்பட்ட கட்டளை சிக்கனம். ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதற்குமேல் அரை அணாவும் இருந்தால் ஓர் ஆணுக்குப் போதும் என்று அவர் கூலியைக் குறைத்தார். இதுவே வரலாற்றில் 'டெம்பிள் கூலி' என்று பெயர் பெற்றது.

இதை எதிர்த்து நின்றவர் ஒரு மருத்துவர். அவர் பெயர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். இம்மாகாண மக்கள் என்ன உண்கிறார்கள் என்பதைப்பற்றியும் சிறை உணவைப்பற்றியும் 1863ஆம் ஆண்டிலேயே ஒரு விரிவான அறிக்கையைத் தொகுத்தவர் அவர். தென்னிந்தியர் யாவரும் அரிசிச் சோறு உண்பவர்கள் என்று வெளியிலிருந்து வந்தவர்கள் எண்ணியிருந்த காலத்தில், உள்நாட்டுச் சமவெளிகளின் உழைக்கும் மக்கள் கேழ்வரகையும் கம்பையும் சோளத்தையுமே நம்பி வாழ்கிறார்கள் என்பதை அறிந்திருந்தவர். கொங்கு நாட்டினருக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஒரு பவுண்டு தானியம் உழைப்பவனுக்குப் போதவே போதாது என்று கார்னிஷ் வாதிட்டார். நம் சிறைக் கைதிக்குக்கூட இதைவிட அதிக உணவு தரப்படுகிறதே என்று சுட்டிக் காட்டினார். அரிசியை மட்டும் கொடுத்தால் நைட்ரஜன் போதாது. ஒன்றரைப் பவுண்டு தானியத்தோடு பருப்பும் வேண்டும் என்றார். டெம்பிளோ, நைட்ரஜன் பற்றிய கொள்கைகளைவிட அனுபவமே பெரிது, சோதித்துப் பார்ப்போம் என்ற நிலையில் நின்றார். டெம்பிளின் குறிப்புகளுக்குக் கார்னிஷ் எழுதிய மறுப்பு 1877இல் தனி நூலாகவே அச்சிடப்பட்டது.

இருவரில் யார் சொன்னது சரி? இன்றைய அறிவைக் கொண்டு நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். அவ்வளவு அரிசியில் கிடைப்பது சுமார் 1,600 கலோரியும், 30 முதல் 36 கிராம் வரை புரதமும்தான். 45 கிலோ எடையுள்ள ஒருவர் அசையாமல் படுத்துக் கிடக்கவே ஏறத்தாழ 1,200 கலோரி தேவை. எஞ்சிய 400 கலோரியில் அவர் வேலைத்தலத்துக்கு நடந்து, நாள் முழுவதும் மண் வெட்டித் திரும்ப வேண்டும். முடியுமா? முடியாது. பற்றாக்குறையை ஈடுசெய்ய உடல் தன் கொழுப்பை எரிக்கும். அதுவும் தீர்ந்தால் தசையையே எரிக்கத் தொடங்கும். விறகு தீர்ந்தபின் வீட்டுக் கதவை உடைத்து அடுப்பெரிப்பது போன்றது அது. அந்நிலையில், லீபிக் பொதுவிதியாகச் சொன்னது பட்டினி கிடப்பவன் உடலில் மெய்யாகவே நடக்கிறது!

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். கார்னிஷ் பெரிதும் நம்பிய நைட்ரஜன் வாதம், உழைப்பின் எரிபொருள் பற்றிய அளவில், அப்போதே ஆட்டம் கண்டிருந்தது. ஆயினும் அவருடைய முடிவு சரியானது. டெம்பிள் நைட்ரஜன் கொள்கையை ஐயுற்றார். ஆயினும் அவர் முடிவு தவறானது. காரணம், கார்னிஷ் நைட்ரஜனோடு மனிதர்களையும் பார்த்தார். எலும்பும் தோலுமாக வந்தவர்களைப் பார்த்தார். தட்டில் உள்ளது குறைவு என்பதை அறிய அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் 1877இல் கூலியை மீண்டும் உயர்த்தினார். 1880இல் பஞ்சக் குழு தன் அறிக்கையை அளித்தது. அதன்பின் வகுக்கப்பட்ட பஞ்ச விதிகளில் தானியத்துடன் பருப்புக்கும் இடம் கிடைத்தது. ஆனால் அதற்குள் சேலம் மாவட்டம் பேரிழப்பைச் சந்தித்துவிட்டது. 1871இல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த அதன் மக்கள்தொகை, 1881இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்திருந்தது. சாவு மட்டுமின்றி, ஊரை விட்டுச் சென்றவர்களும், பிறக்காமற்போன குழந்தைகளும் இக்கணக்கில் அடங்குவர். இத்தனை பேரிழப்புக்கும் கூலி ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆயினும் ஒரு பவுண்டா, ஒன்றரைப் பவுண்டா என்ற கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அன்று என்பதை இந்த எண்கள் நமக்கு உணர்த்துகின்றன.

நூற்றுப் பதினெட்டா, ஐம்பதா?

ஐரோப்பாவில் வாதம் வேறு வடிவம் எடுத்தது. மியூனிக் நகரத்து அறிஞர் ஃபாய்ட், உழைக்கும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் வேண்டும் என்றார். அமெரிக்காவின் அட்வாட்டர் அதை 125 கிராமாக உயர்த்தினார். இவ்வெண்கள் எப்படி வந்தன தெரியுமா? நன்றாக உழைத்துச் சம்பாதிப்பவர்கள் என்ன உண்கிறார்கள் என்று பார்த்து, அதையே தேவை என்று கொண்டனர். 'விரும்பி உண்பது' வேறு, 'வேண்டியிருப்பது' வேறு என்ற வேறுபாட்டை அவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

அவ்வேறுபாட்டை அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிட்டெண்டன் கவனித்தார். 1902 முதல் 1904 வரை தம்மையும், தம் உடன் பணியாற்றியோரையும், ராணுவ மருத்துவப் பிரிவு வீரர்களையும், பல்கலைக்கழக விளையாட்டு வீரர்களையும் வைத்துச் சோதனை செய்தார். வழக்கமாக உண்ட புரதத்தில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டே பல மாதங்கள் அவர்கள் வாழ்ந்தனர். அவர்களுடைய வலிமை குறையவில்லை. வலிமையை அளந்தபோது அது கூடியே இருந்தது. ஐம்பது, அறுபது கிராம் புரதத்தில் ஒரு விளையாட்டு வீரர் நலமாக வாழ முடியும் என்பதை அவர் காட்டினார்.

இம்முடிவு இந்தியாவில் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. அவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியராக இருந்த டேவிட் மக்கே. வங்காளச் சிறைகளின் உணவை அவர் ஆராய்ந்தார். அரிசியை மிகுதியாக உண்ணும்போது அதிலுள்ள புரதம் முழுவதும் உடலில் சேர்வதில்லை என்று காட்டினார். அது பயனுள்ள கண்டுபிடிப்பே. ஆனால் 1912இல் அவர் வெளியிட்ட நூலில் வேறொரு முடிவுக்குத் தாவினார். கோதுமையும் பாலும் இறைச்சியும் உண்ணும் வடமேற்கு இந்தியர் வீரமும் கட்டுடலும் உடையவர். அரிசி உண்ணும் வங்காளிகள் அவ்வாறில்லை. காரணம் புரதம் என்றார் அவர்.

இக்கருத்து அன்றைய ஆட்சியாளர்களின் காதுக்கு இனிமையாக இருந்தது. இந்தியர்களைப் 'போர்க்குடிகள்' என்றும் மற்றவர்கள் என்றும் பிரித்துப் படைக்கு ஆள் சேர்த்தவர்கள் அவர்கள். வங்காளிகளின் வறுமை, மலேரியா, குடற்புழுக்கள் முதலியவற்றைப் பின்னே தள்ளிவிட்டு, ஒரே ஒரு சத்தை முன்னே நிறுத்தியதே மக்கேயின் பிழை. இத்தகைய எண்ணம் ஆட்சியாளர்களிடம் மட்டும் இருந்தது என்றும் சொல்ல முடியாது. ஆங்கிலேயர் இறைச்சி உண்பதால்தான் நம்மை ஆள்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி, இளமையில் தாம் இரகசியமாக இறைச்சி உண்டதைக் காந்தியடிகளே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

குன்னூர் எலிகள்

நீலகிரியில் உள்ள குன்னூருக்கு இப்போது செல்வோம். ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் 1918இல் அங்கே ஒரு சிறு ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார். பின்னாளில் அது ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

1920களில் மெக்காரிசன் செய்த ஒரு சோதனை உலகப் புகழ் பெற்றது. இருபது இருபதாக ஏழு குழு எலிகளை எடுத்துக்கொண்டு, இந்தியாவின் ஏழு பகுதி மக்களின் உணவை அவற்றுக்கு 140 நாட்கள் கொடுத்தார். முடிவில் அவற்றை நிறுத்துப் பார்த்தபோது, சீக்கியர் உணவை உண்ட எலிகளின் சராசரி எடை 235 கிராம். வங்காளிகள் உணவை உண்டவை 180 கிராம். சென்னை மாகாணத்தாரின் உணவை உண்ட எலிகளோ 155 கிராம், எல்லாவற்றிலும் கடைசி!

மக்கே சொன்னது சரியாகப் போயிற்றே என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் மெக்காரிசன் புரதத்தின்மீது மட்டும் பழி போடவில்லை. சீக்கியர் உணவில் முழுக் கோதுமை, பால், நெய், பருப்பு, காய்கறி, பழம் எல்லாம் இருந்தன. சென்னை உணவில் தீட்டிக் கழுவிய அரிசி மிகுதி. பாலும் காய்கறியும் சொற்பம். ஆகவே வேறுபாடு புரதத்தில் மட்டுமன்று. உயிர்ச்சத்துகளிலும் தாது உப்புகளிலும் இருந்தது என்பதே அவர் கருத்து. இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். மிக விரைவாக வளரும் எலிக் குஞ்சுக்குத் தேவையான புரதம், மெல்ல வளரும் மனிதக் குழந்தைக்குத் தேவையானதைவிட விகிதத்தில் மிக அதிகம். எலியின் எடையிலிருந்து மனிதனின் வீரத்தை அளக்க முடியாது.

மேலும், அந்தச் 'சென்னை உணவு' யாருடைய உணவு? காவிரிக் கரை நெல்வயல்களைத் தாண்டினால், சேலம், நாமக்கல் மேட்டுநிலங்களில் கேழ்வரகுக் களியும், கம்மஞ்சோறும், சோளச்சோறும், கொள்ளுப் பருப்புமே அன்றாட உணவு. நூறு கிராம் அரிசியில் புரதம் 7 முதல் 8 கிராம். சோளத்தில் சுமார் 10. கம்பில் சுமார் 11. கேழ்வரகில் 7 கிராம்தான் என்றாலும் சுண்ணாம்புச்சத்து மிகுதி. கொள்ளிலும் துவரம்பருப்பிலும் 22 கிராம் அளவு. நிலக்கடலையில் 24 கிராம் அளவு. கார்னிஷ் 1863இலேயே அறிந்திருந்த இந்த வேறுபாட்டை, மாகாணம் முழுவதற்கும் ஒரே பெயர் சூட்டிய எலிக்கூண்டு காட்டவில்லை.

சேலத்தில் பிறந்தவர் சொன்ன விடை

இரண்டாம் உலகப்போருக்குப் பின் புரதத்துக்கு மீண்டும் முடிசூட்டு விழா நடந்தது. உடல் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி வாடும் 'குவாஷியார்கர்' என்னும் குழந்தை நோயை 1930களில் ஆப்பிரிக்காவில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் விவரித்திருந்தார். அது புரதக் குறையால் வருவது என்று கருதப்பட்டது. ஏழை நாடுகள் எங்கும் புரதப் பஞ்சம் நிலவுகிறது என்ற எண்ணம் வலுத்தது. வரப்போகும் புரத நெருக்கடியைத் தடுக்க வேண்டும் என்று 1968இல் ஐக்கிய நாடுகள் சபை ஓர் அறிக்கையே வெளியிட்டது. மீன் மாவிலிருந்தும், எண்ணெய்ப் பிண்ணாக்கிலிருந்தும், நுண்ணுயிர்களிலிருந்தும் புரதம் எடுக்க ஆராய்ச்சிகள் நடந்தன. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், நிலக்கடலை மாவும் கடலை மாவும் கலந்து ஒரு 'பல்நோக்கு உணவை' உருவாக்கியது.

இந்நிலையில்தான் இரண்டு இந்தியர்கள், 'பொறுங்கள், குழந்தைகள் உண்மையில் என்ன உண்கிறார்கள் என்று பார்ப்போம்' என்ற போக்கில் ஆராய்ந்தனர். ஒருவர் புள்ளியியல் அறிஞர் சுகாத்மே. இந்திய உணவு ஆய்வுகளின் எண்களை அலசி, புரதம் போதாத குடும்பங்களில் பெரும்பாலானவை மொத்த உணவே போதாத குடும்பங்கள் என்று அவர் காட்டினார்.

மற்றவர் மருத்துவர் கோபாலன். 1918இல் பிறந்த அவருடைய பிறந்த ஊர் சேலம்! குன்னூரில் தம் ஆராய்ச்சியைத் தொடங்கி, ஐதராபாத் நிறுவனத்தின் இயக்குநராக உயர்ந்து, தம் நூறு வயது நிறைந்தபின் 2019இல் காலமானவர். ஒரே பகுதியில் சில குழந்தைகளுக்குக் குவாஷியார்கரும், சில குழந்தைகளுக்கு உடல் வற்றிப்போகும் 'மராஸ்மஸ்' நோயும் வருவதை அவர் ஆராய்ந்தார். இருவகைக் குழந்தைகளின் உணவிலும் புரதத்தின் பங்கில் வேறுபாடு இல்லை என்று கண்டார். இரு சாராருக்கும் பொதுவாக இருந்த குறை, வயிறு நிறையாத குறையே.

அவரும் அவருடைய குழுவினரும் 1973இல் வெளியிட்ட ஒரு சோதனை எல்லோரையும் சிந்திக்க வைத்தது. ஐதராபாத்தை அடுத்த கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்குக் கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றால் செய்த ஓர் இனிப்புப் பண்டத்தை 14 மாதங்கள் கொடுத்தனர். அதில் 310 கலோரி இருந்தது. புரதமோ 3 கிராம் மட்டுமே. ஆயினும் அதை உண்ட குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட உயரத்திலும் எடையிலும் நன்கு வளர்ந்தனர். வீட்டில் உண்ட களியிலும் சோற்றிலும் பருப்பிலும் இருந்த புரதம் முன்பு அடுப்பெரியப் போய்க்கொண்டிருந்தது. வேறு விறகு கிடைத்தவுடன் அது உடலைக் கட்டும் தன் சொந்த வேலைக்குத் திரும்பியது.

1974இல் டொனால்டு மெக்லாரன் என்னும் அறிஞர், உலகப் புரத இயக்கத்தையே 'பெருந்தோல்வி' என்னும் பொருள்படத் தலைப்பிட்டுக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். இருப்பது 'புரத இடைவெளி' அன்று, 'உணவு இடைவெளி' என்னும் கருத்து நிலைபெற்றது. 1877இல் சேலத்தில் ஒரு பவுண்டு தானியத்தின் குறை எதுவோ, அதுவே இங்கும் குறை.

முட்டை எதற்கு?

அப்படியானால் நாமக்கல் முட்டை வீணா? இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிச் சத்துணவின் வரலாற்றைப் பாருங்கள். 1956இல் காமராசர் காலத்தில் மதிய உணவுத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டமும் தொடங்கின. முதலில் சோறும் சாம்பாரும் தட்டுக்கு வந்தன. 1989இல் கருணாநிதி காலத்தில்தான் இரு வாரங்களுக்கு ஒருமுறை முட்டை வந்தது. பின்னர் அது படிப்படியாக உயர்ந்து, 2010இல் பள்ளி நடக்கும் ஐந்து நாட்களுக்கும் ஆயிற்று. முதலில் வயிறு, பின்பு முட்டை என்ற இந்த வரிசையைக் கவனியுங்கள். கோபாலன் கண்ட உண்மைக்கு அது பொருந்தி நிற்கிறது.

ஒரு முட்டையில் 6 கிராம் அளவே புரதம் உண்டு. ஆனால் உடலால் ஆக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்கள் அனைத்தும் அதில் தக்க விகிதத்தில் இருக்கின்றன. தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. ஆனால் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. கொங்கு வீடுகளில் செய்யும் அரிசிம்பருப்புச் சாதமும், களிக்குத் தொட்டுக்கொள்ளும் கொள்ளுப் பருப்பும் இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவிட்டன. 1877இல் கார்னிஷ் தானியத்தோடு பருப்பையும் கேட்டது எவ்வளவு பொருத்தம் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையைக் காண்போம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். அதாவது 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம். ஃபாய்ட் சொன்ன 118இல் பாதிக்கும் குறைவு. சிட்டெண்டன் சொன்னதற்கு மிக அருகில். பால், முட்டை, இறைச்சி அதிகம் இல்லாமல் தானியத்தையே நம்பி உண்பவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் அளவு வேண்டும். கருவுற்ற தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும், வளரும் குழந்தைக்கும் எடைக்கு மேற்பட்ட பங்கு வேண்டும்.

அப்பட்டியலில் ஓர் அரிய செய்தி ஒளிந்திருக்கிறது. உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரி. கடும் உழைப்பாளிக்கு 3,470 கலோரி. புரதமோ இருவருக்கும் ஒன்றே: 54 கிராம்! ஃபால்ஹார்ன் மலையில் இருவர் கண்டறிந்த உண்மை இன்று நம் நாட்டு அட்டவணையில் அமர்ந்திருக்கிறது. இரவு முழுவதும் தறியருகே நின்று, அறுந்த பாவைப் பிணைத்து, நாடாவை மாற்றும் தொழிலாளிக்குக் கூடுதலாக வேண்டியது முதலில் வயிறு நிறைந்த உணவு. அவ்வுணவு கூடும்போது, அதனோடு பருப்பும் காய்கறியும் இருக்குமானால், புரதமும் தானே கூடிவிடும்.

இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் டப்பா டப்பாவாகப் புரதப் பொடி விற்கப்படுகிறது. தசை பெருக்க இப்பொடிகளை நம்ப வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அறிவுறுத்தியிருக்கிறது. பொடி வாங்கும் இளைஞருக்குத் தெரியாமலே, 1842ஆம் ஆண்டு லீபிக் அவருடைய தோளருகே நின்றுகொண்டிருக்கிறார் எனலாம்.

மாணவர்களே, ஒரு சிறு பயிற்சி செய்து பாருங்கள். நேற்று நீங்கள் உண்டவற்றை எழுதுங்கள். இட்லியா, களியா, சோறா, சுண்டலா, முட்டையா? மேலே தந்த எண்களைக் கொண்டு உங்கள் புரதத்தைக் கணக்கிடுங்கள். பின்பு உங்கள் வீட்டில் மற்றவர்கள் உண்டதையும் கணக்கிடுங்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் அம்மாவின் தட்டைத் தவறாமல் கணக்கில் சேருங்கள். கார்னிஷ் முதல் கோபாலன் வரை நல்ல ஆராய்ச்சியாளர்கள் செய்தது இவ்வளவுதான்: கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டே, கண்ணைத் தட்டின்மீது வைத்தார்கள். பள்ளிபாளையம் சிக்கன் கிடைக்கும் நாளில் மகிழ்ந்து உண்ணுங்கள். ஆனால் வலிமை கோழியில் மட்டும் ஒளிந்திருக்கவில்லை. நிறைந்த தட்டு யாவருக்கும் கிடைப்பதில்தான் அது தொடங்குகிறது.